கறுக்க ஓர் ஊசி, வெளுக்க ஓர் ஊசி: நிறம் மாற்றும் பதிவில்லா மருந்துகள் உடலில் என்ன செய்கின்றன?

வெளிநாட்டுச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் மெலனோட்டான். வெயிலில் கிடக்காமலே தோலைக் கறுக்கவைக்கும் ஊசி என்றும், மூக்குக்குள் அடிக்கும் ஸ்பிரே என்றும் டிக்டொக்கிலும் இன்ஸ்டகிராமிலும் விற்கிறார்கள். இதைப் பாவிக்க வேண்டாம் என்று பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, டென்மார்க் ஆகிய நாடுகளின் மருந்து ஒழுங்குமுறை அமைப்புகள் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகின்றன. செய்தியை வாசிக்கும் மட்டக்களப்பு, அம்பாறை வாசகருக்கு இரண்டு குழப்பங்கள் வரும். கறுப்பதற்காக ஒருவர் ஊசி போடுவாரா என்பது ஒன்று. 'ஐரோப்பாவில் அங்கீகரித்த மருந்துதானே' என்று விற்பவர்கள் சொல்வது உண்மையா என்பது மற்றது.

முதலாவதற்கு விடை சுலபம். வெள்ளைத் தோல் உள்ள நாடுகளில் வெயிலில் பழுப்பேறிய உடல் ஓய்வுக்கும் வசதிக்கும் அடையாளம். அலைச்சறுக்குக் காலத்தில் அறுகம்பைக்கும், விடுமுறைக்குப் பாசிக்குடாவுக்கும் வருபவர்கள் மணலில் மணிக்கணக்காகப் படுத்திருப்பது அதற்காகத்தான். நம்மிடையே ஆசை எதிர்த்திசையில் ஓடுகிறது. கலியாணத்துக்கு முன் வெளுத்துவிட வேண்டும். திசை வேறானாலும் இரண்டு ஆசைகளும் போய்ச் சேரும் சந்தை ஒன்றே: பதிவில்லாத குப்பி, பெயர் தெரியாத உற்பத்தியாளர், வாட்ஸ்அப்பில் விற்பனை. மெலனோட்டானை விளங்கிக்கொண்டால், நம் பிள்ளைகளின் முகத்தில் பூசப்படுவதும் நாளத்தில் ஏற்றப்படுவதும் என்ன என்பதையும் விளங்கிக்கொள்ளலாம்.

தோலுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது?

மேல்தோலின் அடி அடுக்கில் மெலனோசைட்டு எனப்படும் நிறக் கலங்கள் இருக்கின்றன. கறுத்தவரிடமும் வெளுத்தவரிடமும் இவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபடுவது, அவை உண்டாக்கும் மெலனின் என்ற நிறப்பொருளின் அளவும் வகையும். கரும்பழுப்பு நிறமுள்ளது யூமெலனின். செம்மஞ்சள் நிறமுள்ளது பியோமெலனின். இரண்டையும் உண்டாக்கும் வேலையைத் தொடக்கி வைப்பது தைரோசினேஸ் என்ற நொதியம். அது வேலை செய்ய அதற்குள் செம்பு அணுக்கள் வேண்டும். இந்தச் செம்பைப் பற்றிப் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கிறது.

வெயிலின் புறஊதாக் கதிர் தோல் கலங்களின் டி.என்.ஏ.யைச் சேதப்படுத்தும்போது, அந்தக் கலங்கள் அல்ஃபா எம்.எஸ்.எச். என்ற ஓமோனைச் சுரக்கின்றன. அது நிறக் கலத்தின் மேலுள்ள எம்.சி.1 என்ற வாங்கியில், அதாவது ஓமோனின் செய்தியைப் பெறும் இடத்தில், போய் ஒட்டுகிறது. உடனே மெலனின் உற்பத்தி கூடுகிறது. உண்டான மெலனின் கலங்களின் கருவுக்கு மேல் குடைபோல நிறைந்து, மேலும் சேதம் வராமல் ஓரளவு காக்கிறது. ஆக, வெயிலில் கறுப்பது என்பது அடிபட்ட பிறகு தோல் எடுக்கும் தற்காப்பு. அதை 'ஆரோக்கியமான நிறம்' என்று சொல்வது தவறு.

எம்.சி.1 இன் குடும்பத்தில் இன்னும் நான்கு வாங்கிகள் உண்டு. எம்.சி.2 சிறுநீரகத்துக்கு மேலுள்ள அதிரீனல் சுரப்பியில் இருக்கிறது. எம்.சி.3, எம்.சி.4 இரண்டும் மூளையில் பசி, பாலுணர்வு போன்றவற்றோடு தொடர்புள்ளவை. எம்.சி.5 எண்ணெய்ச் சுரப்பிகளில் இருக்கிறது. தோலை மட்டும் கறுக்கவைக்க வேண்டுமானால் மருந்து எம்.சி.1 ஐ மட்டும் தொட்டுவிட்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். மெலனோட்டானின் தொல்லை முழுவதும் தொடங்குவது இந்த இடத்தில்.

ஒன்றும் இரண்டும்: 'அங்கீகரித்த மருந்து' என்ற குழப்பம்

அல்ஃபா எம்.எஸ்.எச். இயற்கையாக உடலில் சில நிமிடங்களே தாக்குப்பிடிக்கும். 1980களில் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப்போலவே வேலை செய்யும், ஆனால் நீண்ட நேரம் நிலைக்கும் செயற்கை மூலக்கூறுகளை உருவாக்கினார்கள். வெயிலில் எரிந்து போகாமல் தோலைப் பாதுகாப்பாகக் கறுக்கவைத்துத் தோல் புற்றுநோயைக் குறைக்கலாம் என்பது அவர்களின் நோக்கம். நல்ல நோக்கம். அதிலிருந்து இரண்டு பொருட்கள் வந்தன.

முதலாவது மெலனோட்டான் ஒன்று. இப்போதைய மருத்துவப் பெயர் அஃபமெலனோடைட். இது பெரும்பாலும் தோல் வாங்கியிலேயே வேலை செய்கிறது. வெளிச்சம் பட்டாலே தாங்க முடியாத வலி எடுக்கும் எரித்ரோபொயெட்டிக் புரோட்டோபோர்ஃபிரியா என்ற அரிய பரம்பரை நோய்க்கு இதை ஐரோப்பா 2014 இலும் அமெரிக்கா 2019 இலும் அங்கீகரித்தன. அதுவும் எப்படி? 16 மில்லிகிராம் கொண்ட சிறு துண்டு ஒன்றைப் பயிற்சி பெற்ற வைத்தியர் தோலுக்கடியில் வைப்பார். ஆண்டுக்கு இரண்டு தடவை உடல் முழுவதும் தோலைப் பரிசோதிக்க வேண்டும். அழகுக்காகக் கறுக்க அல்ல.

இரண்டாவது மெலனோட்டான் இரண்டு. இணையத்தில் விற்பது பெரும்பாலும் இதைத்தான். குடும்பத்திலுள்ள வாங்கிகளில் பலவற்றை இது ஒரே நேரத்தில் தட்டி எழுப்புகிறது. எந்த நாடும் இதை எந்த நோய்க்கும் அங்கீகரிக்கவில்லை. விற்பவர்கள் முதலாவதின் அங்கீகாரத்தைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள்.

இரண்டாவதின் நெருங்கிய உறவான பிரெமெலனோடைட் என்ற மருந்தைப் பெண்களின் பாலுணர்வுக் குறைபாடு ஒன்றுக்காக அமெரிக்கா 2019 இல் அனுமதித்தது. சோதனையில் பங்குபற்றியோரில் 40 சதவீதமானோருக்குக் குமட்டல் வந்தது. குருதியமுக்கம் தற்காலிகமாக ஏறுவதால் இதய நோயாளருக்குக் கொடுக்கக்கூடாது. முகம், ஈறு, மார்பு ஆகிய இடங்களில் திட்டுத் திட்டாகக் கறுப்பு விழுவதால் மாதத்தில் 8 தடவைக்கு மேல் போடக்கூடாது. பரிசோதனையும் கணக்கும் வைத்தியரும் இருக்கும்போதே இத்தனை கட்டுப்பாடு. அவை ஒன்றுமில்லாத மெலனோட்டான் இரண்டை ஒருவர் தானே தன் வயிற்றில் குத்திக்கொள்வதை யோசித்துப் பாருங்கள்.

மெலனோட்டான் இரண்டு: பதிவான பாதிப்புகள்

1. உடனே வருபவை. குமட்டல், வாந்தி, முகம் சிவத்தல், பசியின்மை, களைப்பு. ஆண்களுக்குத் தூண்டுதல் இல்லாமலே விறைப்பு வரும். அது மணிக்கணக்கில் இறங்காமல் நின்றால் அவசர சிகிச்சை வேண்டும். பிந்தினால் உறுப்பு நிரந்தரமாகச் செயலிழக்கலாம். வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடக்கூடாத நிலை இது.

2. தசையும் சிறுநீரகமும். 2012 இல் மருத்துவ இதழொன்றில் வெளியான அறிக்கையில், வழக்கமாகச் சொல்லப்படும் தொடக்க அளவைவிடப் பல மடங்கு ஏற்றிக்கொண்ட 39 வயது ஆண் ஒருவரின் நிலை விவரிக்கப்பட்டிருக்கிறது. உடல் நடுக்கம், வியர்வை, வேகமான இதயத்துடிப்பு, பிறகு தசைகள் சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைப் பாதித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தே அவரைக் காப்பாற்றினார்கள்.

3. மச்சங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மருந்து போட்ட சில வாரங்களில் பழைய மச்சங்கள் கறுத்துப் பெரிதாவதும், புதியவை முளைப்பதும் பல அறிக்கைகளில் பதிவாகியுள்ளன. மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோய் இதைப் பாவித்தவர்களுக்கு வந்த சம்பவங்களும் உண்டு. மருந்துதான் அதை உண்டாக்கியது என்று நிரூபணமாகவில்லை. இதைப் பாவிப்போர் பெரும்பாலும் வெயிலிலும் அதிகம் கிடப்பவர்கள். ஆனால் ஆபத்தை விளங்கிக்கொள்ள அந்த நிரூபணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மச்சத்தின் வடிவம், ஓரம், நிறம், அளவு மாறுகிறதா என்று பார்த்தே வைத்தியர்கள் மெலனோமாவை ஆரம்பத்தில் பிடிக்கிறார்கள். உடலிலுள்ள எல்லா மச்சமும் ஒரே நேரத்தில் மாறினால் எது மருந்தால் மாறியது, எது நோயால் மாறியது என்று கண்ணால் பிரிக்க முடியாது. ஆரம்பத்தில் வெட்டியெடுத்தால் குணமாகும் நோய் அது. பிந்தினால் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவும்.

4. போலிப் பாதுகாப்பு. கறுத்துவிட்டோம், இனி எரியாது என்ற தைரியத்தில் சன்கிறீம் பூசாமல் வெயிலில் கிடப்பது. பழுப்பேறிய தோல் தரும் காப்பு மிகக் குறைவு. சன்கிறீமின் காப்பைக் காட்டும் எஸ்.பி.எஃப். கணக்கில் 3 அல்லது 4 அளவே தேறும்.

மூக்கு ஸ்பிரே ஊசியைவிடப் பாதுகாப்பானது என்ற நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை. மூலக்கூறு அதேதான். மூக்கின் சவ்வு வழியாக எவ்வளவு உள்ளே போகிறது என்பது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். அதனால் அளவைக் கட்டுப்படுத்துவது இன்னும் கடினம்.

குப்பிக்குள் இருப்பது என்ன?

மெலனோட்டான் வெள்ளைத் தூளாகச் சிறு குப்பியில் வரும். 'ஆய்வுகூடப் பாவனைக்கு மட்டும்' என்று ஒட்டியிருப்பார்கள். மனிதருக்கு விற்கவில்லை என்று சட்டத்தின் முன் சொல்லித் தப்புவதற்கான வரி அது. வாங்கியவர் தானே தண்ணீர் கலந்து, தானே அளந்து குத்த வேண்டும். இப்படி வாங்கிய குப்பிகளை ஆய்வாளர்கள் சோதித்தபோது, 10 மில்லிகிராம் என்று எழுதியதில் அதைவிடக் குறைவாகவும், குப்பிக்குக் குப்பி வேறுபட்டும் இருந்தது. என்னவென்று தெரியாத கலப்புகளும் இருந்தன.

அதோடு வெப்பம். மெலனோட்டான் பெப்டைட் வகை, அதாவது சிறு புரதத் துண்டு. கரைத்த பெப்டைட் மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். கப்பலிலோ விமானத்திலோ வந்து, கொழும்பிலிருந்து பார்சலாகக் கிழக்குக்கு ஏறி, கடற்கரை அறையொன்றின் மேசையில் கிடக்கும் குப்பியில் முடிவில் என்ன மிஞ்சியிருக்கும் என்று எந்தப் பாமசிக்காரராலும் சொல்ல முடியாது. கிருமி நீக்கம் பற்றியும் உத்தரவாதம் இல்லை. நண்பர்கள் ஒரு குப்பியையோ ஊசியையோ பகிர்ந்தால் ஹெப்பட்டைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவையும் சேர்ந்து பகிரப்படும். ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்யும் நம் பிள்ளைகளுக்கும் இதில் ஆபத்து உண்டு. குப்பைக் கூடையில் மூடியில்லாமல் கிடக்கும் ஊசி அவர்களின் கையில்தான் குத்தும்.

2023 இல் அரச வைத்தியசாலைகளில் கொடுக்கப்பட்ட இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து தரமற்றதெனத் தெரியவந்து, அடுத்த ஆண்டு முன்னாள் சுகாதார அமைச்சர் கைதாகும் வரை போன விவகாரம் எல்லோருக்கும் தெரியும். அங்கே தொகுதி இலக்கம் இருந்தது, கொள்வனவுப் பத்திரம் இருந்தது, நோயாளியின் பதிவேடு இருந்தது. ஆகவே பிடிபட்டது. வாட்ஸ்அப்பில் வாங்கிய குப்பியால் ஒருவர் விழுந்தால் பின்தொடர்ந்து போக எந்தத் தடமும் இல்லை.

எதிர்த்திசை: வெளுக்கவைக்கும் பொருட்கள்

நம் இரு மாவட்டங்களிலும் உண்மையான சுமை இதுதான். இவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலில் பாதரசம் கலந்த கிறீம்கள். தைரோசினேஸில் செம்பு வேண்டும் என்று பார்த்தோம். பாதரசம் அந்தச் செம்பின் இடத்தைப் பிடித்து நொதியத்தை முடக்குகிறது, மெலனின் உற்பத்தி நிற்கிறது. அதனால்தான் ஒரு கிழமையில் முகம் 'பளிச்' என்று தெரிகிறது. ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. குருதியில் கலந்து சிறுநீரகத்தில் சேர்கிறது. சிறுநீரில் புரதம் ஒழுகத் தொடங்கும், சிறுநீர் நுரைக்கும், காலும் கண்ணிமையும் வீங்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2023 இல் வைத்தியர்கள், சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வைத் தாக்கும் நோயுள்ளவர்கள் பலரைத் தொடர்ச்சியாகக் கண்டு விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் நிறம் வெளுக்கும் கிறீம் பூசியவர்கள் என்று தெரியவந்தது. கிறீமை நிறுத்தியதும் பலருக்கு நோய் தணிந்தது. நம் கிழக்கில், காரணம் தெளிவாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் அம்பாறையின் தெஹியத்தகண்டி போன்ற இடங்களில் ஏற்கெனவே குடும்பங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. காரணம் தெரிந்த, தவிர்க்கக்கூடிய இன்னொரு சிறுநீரக நஞ்சைக் காசு கொடுத்து வாங்குவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? பூசும் தாயின் கையிலிருந்தும் துவாயிலிருந்தும் தலையணையிலிருந்தும் குழந்தைக்கும் பாதரசம் போகிறது. கர்ப்பிணி பூசினால் வயிற்றுப் பிள்ளைக்கும்.

இரண்டாவது வகை ஸ்டெரொய்ட் கலந்தவை. பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் என்பன எக்ஸிமா, சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு, குறித்த நாளுக்கு மட்டும் வைத்தியர் எழுதும் நல்ல மருந்துகள். முகத்தில் மாதக்கணக்காகப் பூசினால் தோல் மெலிந்து குருதிக் குழாய்கள் வெளியே தெரியும், பருக்கள் நிறையும், கண்ணருகே பூசியவருக்குக் கண்ணமுக்கம் கூடும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவந்து முன்பைவிட மோசமாகும். எரிச்சலுக்குப் பயந்து மறுபடி அதையே பூசுவார்கள். 'இந்தக் கிறீமை விட்டால் கறுத்துப்போகிறேன்' என்று ஒரு பிள்ளை சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

மூன்றாவது வகை ஹைட்ரோகுவினோன் கலந்தவை. மங்குவுக்கு வைத்தியர் குறித்த காலத்துக்கு எழுதுவார். ஆண்டுக்கணக்கில் பூசினால் ஒக்ரோனோசிஸ் என்ற நீலக்கறுப்புத் திட்டு விழும். வெளுக்கப் பூசியது கறுப்பாக முடியும், அந்தக் கறுப்பு எளிதில் போகாது.

நான்காவது, மெலனோட்டானுக்கு நேர் எதிரான ஊசி: குளுட்டாதயோன். நம் உடலிலேயே உள்ள சிறு மூலக்கூறுதான். அதிக அளவில் நாளத்தில் ஏற்றினால் தைரோசினேஸை மந்தப்படுத்தி, கரும்பழுப்புக்குப் பதில் செம்மஞ்சள் மெலனின் உண்டாகச் செய்யும் என்பது விற்பவர்களின் வாதம். நிலையான பலனுக்கு உறுதியான சான்று இல்லை. இதை வெளுக்கும் ஊசியாகப் பாவிப்பதற்கு எதிராகப் பிலிப்பைன்ஸின் மருந்து நிர்வாகம் 2011 இலும் 2019 இலும் எச்சரித்தது. கடுமையான தோல் ஒவ்வாமை, சிறுநீரகப் பாதிப்பு, தைரொயிட் கோளாறு ஆகியவற்றை அது பட்டியலிட்டது. கூடவே அதிக அளவில் விற்றமின் சி ஏற்றுவார்கள். செங்குருதிக் கலங்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியம் குறைவாக உள்ளவருக்கு அதனால் செங்குருதிக் கலங்கள் உடையலாம். அந்தக் குறைபாடு தனக்கு இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. பியூட்டி பார்லர் கதிரையில் சாய்ந்தபடி 'டிரிப்' ஏற்றும்போது ஒவ்வாமை அதிர்ச்சி வந்தால் அங்கே ஒட்சிசன் இல்லை, அட்ரினலின் இல்லை, நாடி பார்க்கத் தெரிந்த ஆளும் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது, நாம் எதைப் பார்க்க வேண்டும்?

2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு செய்யாத மருந்தை இலங்கையில் இறக்குமதி செய்வதும் விற்பதும் குற்றம். வெளிநாட்டிலிருக்கும் மாமி அன்போடு அனுப்பினாலும், வளைகுடாவிலிருந்து வந்தவர் பெட்டியில் கொண்டுவந்தாலும் பொருளின் தன்மை மாறாது. பாதரசத்தைப் பொறுத்தவரை, அதைச் சேர்த்த அழகுசாதனங்களை முற்றாக நிறுத்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையின் தரப்புகள் 2023 இல் முடிவெடுத்தன.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை:

1. ஊசி மருந்தாயின், இலங்கைப் பதிவு இலக்கம், தொகுதி இலக்கம், உற்பத்தியாளர் பெயர். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.
2. கிறீமாயின், உள்ளடக்கம் எழுதியிருக்கிறதா? 'கலோமெல்', 'மெர்க்குரி', 'மெர்க்குரியோ' என்ற சொற்கள் பாதரசத்தைக் குறிப்பவை. எழுதாமல் விடுபவர்களும் உண்டு.
3. 'தங்கம், வெள்ளி, அலுமினியம், நகைகளில் படாமல் பூசவும்' என்ற அறிவுறுத்தல் இருந்தால் பாதரசம் இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கலியாணப் பெண்ணுக்கு வாங்குவோர் இதை மறக்கக்கூடாது.
4. ஒரு கிழமையில் வெளுக்கும் என்ற வாக்குறுதி. பாதரசமோ கடும் ஸ்டெரொய்டோ இல்லாமல் அது நடப்பது அரிது.

நம் தோல் கறுப்பு, நமக்குப் புற்றுநோய் வராது என்று இருந்துவிடவும் கூடாது. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா குறைவுதான். வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் வரும். வயலில் வெறுங்காலோடு நிற்பவர் அதைக் காயம் என்று நினைத்து விட்டுவிடுவார். ஆறாத புண்ணோ நகத்தில் விரியும் கருங்கோடோ இருந்தால் காட்ட வேண்டும்.

ஏற்கெனவே பாவித்தவர்கள் செய்ய வேண்டியது

மெலனோட்டானையும் பாதரசக் கிறீமையும் உடனே நிறுத்தலாம். ஸ்டெரொய்ட் கிறீமை நீண்ட காலம் பூசியவர் திடீரென்று நிறுத்தாமல் வைத்தியரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றே பல விடயங்களைக் காட்டிவிடும். மாறிய மச்சத்தைத் தோல் கிளினிக்கில் காட்டும்போது என்ன ஊசி போட்டீர்கள் என்பதை மறைக்காதீர்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் தோல் வைத்தியரைப் பார்க்கலாம். அக்கரைப்பற்று, கல்முனை, பொத்துவில் பக்கத்தினர் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் காட்டி அங்கிருந்து அனுப்பச் சொல்லலாம். தசை வலியோடு கடும் கபில நிறச் சிறுநீர், இறங்காத விறைப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.

போகும்போது குப்பி, டப்பா, பெட்டி எதையும் எறியாமல் ஒரு பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். என்ன நஞ்சு என்று தெரிந்தால்தான் வைத்தியருக்குச் சிகிச்சை தொடங்க வழி உண்டு. விற்ற இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ, மாவட்ட உணவு மற்றும் மருந்துப் பரிசோதகருக்கோ, நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கோ தெரிவிக்கும்போதும் அந்தப் பெட்டியே சான்று.